பனி இன்னும் காயவில்லை

பனி இன்னும் காயவில்லை என்றாள் மருதி. சொன்ன வாய்க்கே அது பொய்யென்று தெரியும். காலை எடுத்து வைத்தால் புல் அப்பளமாக நொறுங்குகிறது, பாறை நிழலில்கூட ஈரம் இல்லை, இருந்தும் அவள் குனிந்து ஒரு பிடி புல்லைப் பிடுங்கி முகர்ந்து பார்த்து, மருந்துக்கடைக்காரர் டாக்டர் சீட்டை வாசிப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் பொறுங்க என்றாள். மேஸ்திரி சொன்னால் சொன்னதுதான். கோடைக்கு முன்னால், பெரிய தீ வருவதற்கு முன்னால், சின்னத் தீயை நாமே வைத்து எரித்துவிடுகிற வேலை இது. உண்ணிச்செடியை வேரோடு எடுத்துக் காயப்போட்டு, காட்டுக்கு நடுவே அகலமாகத் தீக்கோடு திருத்தி, காற்று எழுவதற்குள் எரித்து அணைத்துவிட்டால், சித்திரையில் பள்ளத்திலிருந்து ஏறி வருகிற தீக்குத் தின்ன ஒன்றும் கிடைக்காது. அந்தக் குழுவுக்கு அவள்தான் மேஸ்திரி. எங்கே வைக்கலாம், எப்போது வைக்கக்கூடாது என்று அவள் சொன்னால் வனவர்கூட வாக்கிடாக்கியில் சரி சரி என்பார். இத்தனை வருஷமாகச் சேர்த்து வைத்த அந்தப் பேரை இன்று காலையில் அவள் பிடிப்பிடியாக அள்ளி இறைத்துக்கொண்டிருந்தாள். ஏனென்றால் உண்ணி எடுத்த இந்த வெட்டவெளியில் எங்கேயோ அவள் மகள் லச்சி கிடக்கிறாள். எங்கே என்றுதான் தெரியவில்லை. வெளிச்சம் வந்ததிலிருந்து தேடுகிறாள், நேற்றும் தேடினாள், பத்து நாளைக்கு முன்னால் புதர் இருக்கும்போதே குனிந்து குனிந்து தேடினாள். எரித்துவிட்டால் எல்லாம் ஒரே கறுப்பு. மழை விழுந்தால் ஒரே பச்சை. அதற்கப்புறம் தேட அடையாளம் என்று ஒன்றும் மிஞ்சாது.

நெல்லி மரத்துக்குக் கீழ்ப்பக்கம். அது நிச்சயம். இல்லை, மேல்பக்கமா? கீழ்ப்பக்கம்தான், குழிக்குள் மண் தள்ளும்போது மேலேயிருந்து நெல்லி இலை உதிர்ந்ததே, ஆனால் இலை காற்றில் எந்தப் பக்கமும் விழும், இலைக்கு என்ன தெரியும். அது போகட்டும், நெல்லி மரம் எங்கே? இதோ நிற்கிற இந்தப் பட்டுப்போன கட்டை நெல்லியா, வேங்கையா? பட்டையைக் கீறிப் பார்த்தாள், செத்த மரம் பேர் சொல்லவில்லை. கல் வைத்தோம். கல்லுக்கா இங்கே பஞ்சம், ஊரே இருந்த இடம், அடுப்புக்கல், சுவர்க்கல், மாட்டுக்கொட்டாய்க் கல், எல்லாக் கல்லும் இப்போது ஒரே முகத்தோடு கிடக்கின்றன. தன் வீடு எது என்றே அவளுக்குத் தெரியவில்லை. வாசலில் நின்றால் எதிரே தெரியும் என்று பல வருஷம் மனசுக்குள் பார்த்துப் பார்த்து வைத்திருந்த இடம், வந்து நின்றால் யாரோ தெரியாதவர் ஊர் மாதிரி இருக்கிறது. மனசுக்குள் இருந்த ஊர் இதைவிடப் பெரியது. அங்கே பாதை இருந்தது. அங்கே நெல்லிக்குக் கீழே, இல்லை மேலே, பாவி மனசு, எத்தனை தடவை சுற்றினாலும் அந்த ஒரு இடத்தில் வந்து மாட்டிக்கொள்கிறது, கீழேயா மேலேயா, கீழேயா மேலேயா, கண்ணை மூடினால் குழந்தையின் கால் தெரிகிறது, கொலுசு கழற்றிய இடத்தில் கறுப்பாக ஒரு வளையம் தெரிகிறது, சுற்றி இருக்கிற காடு மட்டும் தெரியவில்லை.

"ஏனுங்கக்கா, பனி எங்க இருக்குதுன்னு சொன்னா நாங்களே போயித் தொடச்சுப் போட்டு வந்தர்றோம்," என்றான் வெள்ளிங்கிரி. அடிவாரத்துக்காரன், வாய் ஓயாத ஆள், முதுகில் தண்ணீர்க் கேனைக் கட்டிக்கொண்டு பாறைமேல் சாய்ந்திருந்தான். மற்றவர்கள் சிரித்தார்கள். கெம்பி மட்டும் சிரிக்கவில்லை. கெம்பி அவள் ஊர்க்காரி, அவளைவிட மூத்தவள், கையில் அணைப்பதற்கு ஒடித்த பச்சைத்தழையை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். லச்சியைக் கடைசியாகக் குளிப்பாட்டிய கை அந்தக் கைதான். இத்தனை வருஷம் ஒரே ஜீப்பில் வந்து ஒரே தூக்கில் சாப்பிட்டும், இரண்டு பேரும் அந்தப் பேச்சை ஒரு நாள்கூட எடுத்ததில்லை. எடுத்தால் நின்றுவிடும் என்று பயந்து ஓடுகிற வண்டியைத் தொடாமல் விடுவதில்லையா, அப்படி. "பேசாம உக்காருடா," என்றாள் மருதி வெள்ளிங்கிரியிடம், "காத்து வர்றதுக்கு இன்னும் நேரம் கெடக்குது." கிடக்கவில்லை. காது மடலில் லேசாக ஒன்று பட்டது. பள்ளத்துக் காற்றின் முதல் மூச்சு அது, இன்னும் காற்று இல்லை, காற்று வரப்போகிறது என்கிற சேதி. மற்றவர்களுக்குத் தெரிந்திருக்காது. அவளுக்குத் தெரிந்தது.

உண்ணிப் பூவின் காம்பை உறிஞ்சினால் ஒரு துளி தேன் வரும். லச்சிக்கு நாள் முழுக்க அதே வேலை. வாயைச் சுற்றி மஞ்சளும் சிவப்புமாகப் பூ ஒட்டியிருக்கும், பழம் வரும் மாதத்தில் நாக்கு கறுத்திருக்கும், நாயின் நாக்கு என்று அப்பன் கேலி செய்தால் இன்னும் நீட்டிக் காட்டும். புதருக்கு அடியில் பன்றி போட்ட வழி இருக்கும், குனிந்து போனால் கூரை போட்ட மாதிரி, அதில் நுழைந்துவிட்டால் கூப்பிட்ட குரலுக்கு வராது. "யானை வருது, வா" என்றால் சிரிப்புச் சத்தம்தான் வரும். "சரி, நான் போறேன், நீ இரு" என்றால் அழுதுகொண்டே ஓடி வரும். எல்லாக் குழந்தையும் அப்படித்தான். அந்தச் செடியைத்தான் இப்போது பார்த்த இடத்தில் வெட்டுகிறாள். மேலே வெட்டினால் இரண்டு மடங்காகத் தழைக்கும், அதனால் மண்ணைக் கொஞ்சம் பறித்து ஆணிவேரில் ஒரே போடு, கழியைக் கொடுத்து நெம்பி, தலைகீழாகக் கவிழ்த்து வைக்க வேண்டும், வேர் வானம் பார்க்க வேண்டும், வேரில் ஒரு நூல் மண்ணைத் தொட்டாலும் பிழைத்துக்கொள்ளும். வெட்டுக்காயத்திலிருந்து ஒரு வாடை வரும். மூக்கைப் பிடிக்கிற அந்தக் கார வாடை அவளுக்குக் குழந்தையின் வாய் வாடை. யாரிடம் சொல்ல முடியும் இதை? பிக்காசை ஓங்கும்போதெல்லாம் அவளுக்குக் குழந்தையைக் கொஞ்சிய ஞாபகம் வருகிறது என்றால் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவார்கள்.

ஆஸ்பத்திரி. அதற்குத்தான் போனார்கள். ஐப்பசி மழை, மூன்றாம் நாள் காய்ச்சல், கம்பளியில் சுற்றி நஞ்சன் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடக்க, அவள் பின்னால் குடை பிடித்துக்கொண்டு. நஞ்சன் அவள் புருஷன், அன்றைக்கு இரண்டு காலும் நன்றாக இருந்த நஞ்சன். பாதி வழியில் யானை. நின்றது தெரியவில்லை, இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் உண்ணி, வாடை மட்டும் வந்தது, அப்புறம் வயிறு இரைகிற சத்தம். எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது, ஒன்றும் தெரியவில்லை. அசையாமல் நின்றார்கள். நின்றார்கள், நின்றார்கள். குடையில் மழை விழுகிற சத்தம் கேட்டுவிடுமோ என்று அவள் குடையை மடக்கினாள். குழந்தை "அம்மா, போலாம்" என்றது. அவள் வாயில் விரல் வைத்துக் காட்டினாள். சொன்ன பேச்சைக் கேட்காத குழந்தை அன்றைக்கு மட்டும் கேட்டது. யானை நகர்ந்து போய் வழி விட்டபோது போகவேண்டிய அவசியம் இல்லாமல் போயிருந்தது. திரும்பி வந்தார்கள். யானைமேல் அவளுக்குக் கோபம் வந்ததே இல்லை, அது அதன் வழியில் நின்றது. புதர்மேல்தான் கோபம். புதர் இல்லாவிட்டால் தெரிந்திருக்கும், சுற்றிப் போயிருக்கலாம். அன்றைக்குச் சாயங்காலமே நஞ்சன் அரிவாளை எடுத்துக்கொண்டு போய், பன்றி தோண்டிவிடக்கூடாது என்று, கைக்குக் கிடைத்த உண்ணிக் கொம்பையெல்லாம் வெட்டி வந்து, குழிமேட்டைச் சுற்றி நெருக்க நெருக்கமாக ஊன்றினான். முள் குத்திக் கையெல்லாம் ரத்தம். போதும் வா என்று எல்லாரும் சொன்னபிறகும் ஊன்றிக்கொண்டேயிருந்தான். அடுத்த வருஷம் ஊரே கீழே காலனிக்கு இறங்கிவிட்டது. வீடு, கரண்ட், பக்கத்தில் ரோடு. ரோடு. நினைத்தால் சிரிப்பு வரும், சிரிக்கவும் முடியாது. இரண்டு மழைக்குள் பாதை மூடிக்கொண்டது, ஊர் மூடிக்கொண்டது. ஒரு தடவை நஞ்சன் தனியாகப் புகுந்து போகப் பார்த்தான். அதே புதருக்குள் வேறு யானை. உயிரோடு வந்தான், இடது கால் வரவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

அதற்கப்புறம்தான் அவள் இந்த வேலைக்கு வந்தாள். கூலிக்கு வந்தாள் என்று காலனி நினைத்தது, அதுவும் பொய்யில்லை. ஆனால் உண்ணி எடுக்கிற வேலை என்று கேட்ட அன்றைக்கு அவளுக்குத் தோன்றியது ஒன்றே ஒன்று. எடுத்துக்கொண்டே போனால் ஒரு நாள் அங்கே போய்ச் சேரும். மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார்கள். அவள் ஒரு நாளும் என் ஊர்ப் பக்கம் முதலில் எடுங்கள் என்று கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். கேட்க வாய் வரவில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போனால், கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிற நஞ்சன் கேட்பான், "எவ்வளவு தூரம் வந்துச்சு?" அவ்வளவுதான் கேட்பான். ஓடை வரைக்கும் என்பாள். மறுவருஷம் ஓடை தாண்டி என்பாள். ம் என்பான். அதற்குமேல் இரண்டு பேருக்கும் பேச்சு கிடையாது, அதற்குமேல் பேசினால் வீட்டுக் கூரை இறங்கிவிடும். உண்ணி எடுத்து முடித்த அன்றைக்குச் சாயங்காலம், "ஊரு வரைக்கும்" என்றாள். அவன் கட்டிலின் கயிற்றை விரலால் நிமிண்டிக்கொண்டிருந்தான். இன்றைக்கு அவனிடம் என்ன சொல்வது? ஊர் எரிஞ்சாச்சு, பாப்பா எங்கேன்னு தெரியலை என்றா? அவளுக்கு இன்னொரு பயமும் உண்டு, அதை அவள் தனக்குள்ளேயே உரக்க நினைப்பதில்லை. கண்டுபிடித்துவிட்டால் அப்புறம் என்ன? நாளைக்குக் காலையில் எதை நோக்கிப் பிக்காசைத் தூக்குவது?

வாக்கி கரகரத்தது. "மருதி, மருதி, என்னாச்சு? புகையே காணோம், ஓவர்." வனவர் எதிர்மலை முகட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல மனுஷன், சொன்னால் ஒத்திப்போடுவார், ஆனால் எரியாமல் விட்ட சருகு நாளைக்கு யாரோ போடுகிற ஒரு பீடிக்குக் காத்திருக்கும், அது பற்றினால் காலனி வரைக்கும் இறங்கும், அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். "பனி காயலீங்கய்யா," என்றாள், தன் குரல் தனக்கே கூசியது. "செத்த நேரத்துல வெச்சர்றோமுங்க." வாக்கியை இடுப்பில் சொருகிவிட்டு மறுபடியும் குனிந்து தரையைத் தேடினாள். வெள்ளிங்கிரி இப்போது சிரிக்கவில்லை. எழுந்து பக்கத்தில் வந்தான். "அக்கா, மேலுக்கு ஏதாச்சும் சொகமில்லையா?" என்றான். ஒன்றுமில்லை என்று அவள் தலையை ஆட்டினாள். அவன் சும்மா நிற்கத் தெரியாத ஆள், அவள் முகத்தை மாற்றுவதற்கு எதையாவது பேச வேண்டும் என்று பேசினான். "பத்து நாளைக்கு முந்தி இங்க ஒரு கூத்துக்கா. சும்மா பிக்காசை ஓங்கிப் போட்டா, வேரே இல்ல. கையில புடிச்சு இழுத்தா பல்லு புடுங்குனாப்பல வருது. ஒண்ணு ரெண்டு இல்ல, வரிசையா. ஒண்ணுக்குக்கூட ஆணிவேரு இல்லீங்க்கா, எல்லாம் சல்லிவேரு. உண்ணிக்கு ஆணிவேரு இல்லாம நான் பாத்ததே இல்ல. யாரோ கம்பு நட்டு வெச்சாப்பல..."

மருதி நிமிர்ந்தாள். குருவி எச்சம் போட்ட விதையில் முளைத்த செடிக்கு ஆணிவேர் உண்டு, பாதாளம்வரை போகும். கொம்பு ஊன்றி முளைத்ததற்குக் கிடையாது. நஞ்சன் ஊன்றினான். பச்சைக் கொம்பு, ஐப்பசி மழை, எது ஊன்றினாலும் பிடிக்கிற மண். அவன் வேலி போட்டான் என்று நினைத்தான், செடி நட்டிருக்கிறான். இத்தனை வருஷம் அதற்கு யாரும் தண்ணீர் ஊற்றவில்லை, யாரும் காவல் இருக்கவில்லை, அது தானாகவே நெருங்கி நெருங்கி, ஒரு பன்றியை உள்ளே விடாமல். "எங்க?" என்றாள். மறுபடி, "எங்கடா அது, வெள்ளிங்கிரி?" அவன் கையை நீட்டினான். "அதா, அந்தப் போருக்கு அடியிலதான். சமதரையா இருந்துச்சு, அதனால எல்லாச் செடியும் கொண்டாந்து அங்கயே போட்டோம்." வெளியின் நடுவே காய்ந்த உண்ணியெல்லாம் தலைகீழாக அடுக்கிய போர் ஒன்று ஆள் உயரத்துக்கு நின்றது. காலையிலிருந்து அவள் அதைச் சுற்றிச் சுற்றித்தான் தேடியிருக்கிறாள். அதை அங்கே போடச் சொன்னதும் அவள்தான். அங்கே போடுங்க, நல்லா எரியும் என்று தன் வாயால் சொன்னாள்.

அவள் போய்ப் போரில் கையைக் கொடுத்து ஒரு செடியைப் பிடித்து இழுத்தாள். கையுறை போட மறந்துவிட்டது. "அக்கா, என்ன பண்ற, காத்து வந்துரும்," என்று வெள்ளிங்கிரி ஓடி வந்தான். அவள் பதில் சொல்லாமல் இன்னொன்றை இழுத்தாள். இழுக்க இழுக்கக் கொம்பு ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வர மறுத்தது, முள் கீறியது, பரவாயில்லை, நஞ்சனுக்கும் கையெல்லாம் ரத்தம், அன்றைக்கு அவனைப் போதும் வா என்று சொன்னவர்களில் அவளும் ஒருத்தி. பக்கத்தில் இன்னொரு ஜோடிக் கை வந்து செடியைப் பிடித்தது. கெம்பி. தழையைக் கீழே போட்டுவிட்டு வந்திருந்தாள். "இழுங்கடா," என்றாள் மற்றவர்களிடம், "பாத்துட்டு நிக்கிறீங்க. இவ கொழந்தை கெடக்குது அடியில." அவ்வளவு வருஷம் யாரும் சொல்லாத பேச்சைக் கெம்பி போகிறபோக்கில் சொல்லிவிட்டாள், சொல்லியும் வானம் இடிந்து விழவில்லை. எல்லாரும் வந்தார்கள். போர் பக்கவாட்டில் நகர்ந்தது, குறைந்தது, தரை தெரிந்தது.

சின்னச் சின்னக் குழிகள். செடி பிடுங்கிய குழிகள்தான், காடு முழுக்க அதே குழிகள், ஆனால் குருவி போட்ட விதை எங்கெங்கேயோ விழும், இவை வரிசையில் நின்றன. ஒரு வரிசை, திரும்பி இன்னொரு வரிசை, மறுபடி திரும்பி. நாலு பக்கமும் அடைத்த ஒரு சின்னக் கட்டம். இவ்வளவு சின்னதா? மனசுக்குள் லச்சி வளர்ந்துகொண்டே இருந்திருக்கிறாள், அவளுக்குத் தெரியாமலே, பள்ளிக்கூடம் போகிற அளவுக்கு, தாவணி போடுகிற அளவுக்கு, இவளுக்குச் சமமாக நிற்கிற அளவுக்கு. தரையில் இருந்தது ஒரு கம்பளி அளவு இடம். நடுவில் மண் கலையவில்லை. எதுவும் தோண்டவில்லை, எதுவும் மிதிக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தாள், அந்தப் பட்டுப்போன கட்டை மேலே நின்றது. கீழ்ப்பக்கம்தான். நெல்லிக்குக் கீழ்ப்பக்கம். அவள் உட்கார்ந்து, குழிகளைத் தொடாமல், உள்ளங்கையை நடுமண்ணில் வைத்தாள். வெயில் பட்டுச் சூடாக இருந்தது. இந்தச் செடியை எவ்வளவு வைதிருக்கிறாள். வழியை மறைத்ததும் இதுதான், இத்தனை காலம் குழந்தையைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்ததும் இதுதான், எதை வைத்து எதைக் கழிப்பது? நஞ்சன்கிட்ட சொல்லணும். நீ நட்டது புடிச்சிருச்சு என்று சொல்லணும்.

காற்று இந்தத் தடவை கன்னத்தில் பட்டது. மற்றவர்களுக்கும் பட்டிருக்க வேண்டும், எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். தீ வைக்கலாமா என்று கேட்க ஒருத்தருக்கும் மனசு வரவில்லை. வெள்ளிங்கிரிதான் மண்வெட்டியை எடுத்தான். நல்ல மரம் ஒன்று கோட்டுக்குள் அகப்பட்டால் அதைச் சுற்றிச் சருகைச் செதுக்கி வட்டம் போடுவார்கள், தீ வட்டத்தோடு நின்றுவிடும், அது இவர்கள் வேலையின் வழக்கம். அந்தக் கட்டத்தைச் சுற்றி அவன் அப்படி ஒரு வட்டம் செதுக்கினான், வழக்கத்தைவிட அகலமாக, ஒரு சருகு இல்லாமல். எதுவும் சொல்லவில்லை, அவன் வாய்க்கு அது பெரிய காரியம். கெம்பி ஓரத்தில் கிடந்த ஒரு கல்லைப் புரட்டிக் கொண்டுவந்து தலைமாட்டில் வைத்தாள். பிறகு எல்லாரும் மேல்விளிம்புக்கு ஏறிப் போனார்கள். மேலிருந்து வைத்தால்தான் தீ மெதுவாக இறங்கும், காற்று எதிரே வந்தாலும் பிடிக்குள் இருக்கும். மருதி வாக்கியை எடுத்து, "அய்யா, பனி காஞ்சிருச்சுங்க," என்றாள்.

வைப்பதற்கு முன்னால் ஒன்று பாக்கி இருந்தது. மேஸ்திரி கூப்பாடு போட வேண்டும். காட்டுக்குள் படுத்திருக்கிற எல்லாவற்றையும் எழுப்பி அனுப்பிவிட்டுத்தான் தீ வைப்பது, அது எழுதிவைத்த சட்டம் இல்லை, அவள் மாமனார் காலத்திலிருந்து வருவது. கெம்பி பந்தத்தைப் பற்றவைத்து அவள் கையில் கொடுத்தாள். மருதி இடக்கையை வாயோரம் குவித்து வைத்துக்கொண்டு கத்தினாள். "முயலு போ... மானு போ... உடும்பு போ... குஞ்சு வெச்சிருக்கிற கௌதாரி, தூக்கிட்டுப் போ... பாம்பு, பல்லி, படுத்திருக்கிறவங்க எல்லாரும் எந்திரிங்க... தீ வருது, போங்க..." பள்ளம் அந்தக் குரலை வாங்கித் திருப்பி அனுப்பியது. ஒரு முயல் வெளியைக் குறுக்கே வெட்டி ஓடியது. எங்கேயோ இரண்டு கௌதாரி படபடவென்று எழுந்து போயின. எல்லாம் போன பிறகு காடு சத்தமில்லாமல் இருந்தது. வழக்கமாக இத்தோடு முடிந்துவிடும். அவள் கையை வாயிலிருந்து எடுக்கவில்லை. கீழே அந்தச் சின்ன வட்டம் செம்மண்ணாகத் தெரிந்தது. கூப்பாட்டுக்கான குரல் இல்லாமல், வீட்டுக்குள் பேசுகிற குரலில் சொன்னாள்.

"லச்சி, நீ இரு சாமி. உன்னைச் சொல்லல. நீ தூங்கு, அம்மா போகல, இங்கதான் நிக்கிறேன்."

பிறகு குனிந்து பந்தத்தைப் புல்லில் வைத்தாள்.